பச்சைப் பக்கம் மேலே

வெளியில் சாப்பிடப் போகும் நாளில் காலையிலிருந்தே வயிற்றைக் கொஞ்சம் காலியாக வைத்திருப்பது நல்லது. இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தெரியவர ஐம்பது வயதாகிவிட்டது, ஐயா.

2007 மாரிக் குளிரில், முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் தனுஷாதான் அந்தப் பிரேசில்காரரின் உணவகத்துக்கு என்னை முதலில் கூட்டிப் போனாள். உள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால், வாள் மாதிரிக் கம்பிகளில் இறைச்சியைக் குத்திக்கொண்டு மேசை மேசையாக வருகிறார்கள். எங்கள் மேசையில் ஒரு வட்ட அட்டை. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு.

“அன்ரி, பச்சை மேலை இருக்குமட்டும் அவை கொண்டந்துகொண்டே இருப்பினம்,” என்றாள் தனுஷா. “காணுமெண்டா நீங்கள்தான் சிவப்பைத் திருப்போணும்.”

நான் திருப்பவில்லை. மாட்டின் திமில், கோழியின் இதயம், விளிம்பில் உப்போடு பொரிந்த கொழுப்பு. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது. எங்கள் வீடிருந்த ஸ்டோவ்னருக்குத் திரும்பும் ரயிலில் தனியே இருந்தும் சிரித்தேன்.

என் கணவர் சபாரத்தினம் சுத்த சைவம். முதுகு நோவால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். கெட்டவர் அல்ல. நான் பிந்தினால் இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரிப்பார், அவ்வளவுதான். நித்திரை கொள்பவர் தொலைபேசி எடுக்க மாட்டார். வைத்தியர் அவருக்கு எழுதிக் கொடுத்த நித்திரைக் குளிசையை வெள்ளிக்கிழமைகளில் பாலில் கரைத்து வேளைக்கே கொடுத்தேன். அவர் நன்றாகத் தூங்கினார். நான் நன்றாகச் சாப்பிட்டேன். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் சுகம் கிடைப்பது லேசில் நடக்காது.

பிறகு புதன்கிழமையும் சேர்ந்தது. குளிசையும் கூடியது. ஒருநாள் காலை அவர் கட்டிலில் இருந்தபடியே, “குமாரி, எனக்கு என்னவோ நடக்குது. ஆக்களின்ரை பேர்கூட மறக்குது. பயமாக்கிடக்கு,” என்றார். வயது போனால் அப்படித்தான் என்று தலையைத் தடவிவிட்டேன்.

என் பிறந்தநாளுக்குத் தனுஷா மேசை பிடித்திருந்தாள். அன்றைக்குப் பாட்டெல்லாம் இருக்கும், நேரம் இழுபடும். ஆகவே மிச்சக் குளிசைகள் முழுவதையும் கரைத்தேன். புதுச் சேலை உடுத்தி வாசலில் சப்பாத்துப் போடும்போது அவருடைய மூச்சு நின்று நின்று வந்தது. ஓம், கேட்டது. அது என்ன மூச்சு என்றும் தெரியும். இல்லத்தில் எத்தனையோ பேரின் கட்டிலருகே இருந்திருக்கிறேன். அவர் எழும்பிவிடக் கூடாதென்று கதவை மெதுவாகச் சாத்தினேன்.

உணவகத்தில் எல்லோரும் என்னைச் சுற்றி நின்று கைதட்டிப் பாடினார்கள். நான் எழும்பி ஆடினேன், ஐயா. கலியாண வீட்டில்கூட நான் ஆடினதில்லை.

கொன்றீர்களா என்று கேட்கிறீர்கள். ஓம் என்றே எழுதுங்கள். ஆனால் புருஷனை மதிக்காதவள் என்று மட்டும் எழுத வேண்டாம். செத்தவீட்டுத் துடக்கு, அந்தத் தீட்டு, முடியுமட்டும் மச்சமாமிசம் தொடக் கூடாது. அடுத்த வெள்ளி அங்கே போனபோது நான் சுட்ட அன்னாசி மட்டும்தான் சாப்பிட்டேன்.