மிச்ச வெயில்

ஃபிரிஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. என்ன வேண்டும் என்று முதலே தீர்மானித்துவிட்டுத் திறக்க வேண்டும், எடுக்க வேண்டும், மூட வேண்டும். வீட்டில் இதைச் சொன்னால் கஞ்சன் என்பார்கள். காரவனில் சொன்னால் அதற்குப் பெயர் மின் முகாமைத்துவம்.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்றீர்கள். நன்றி. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். உடைந்த கண்ணாடியைப் பற்றிப் பேசத் தேவையான ஆங்கிலம் முழுவதும் என்னிடம் உண்டு. இந்த விடயத்துக்கு அது காணாது. வாயைத் திறக்கக்கூடாது என்று என் வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். திறக்கவில்லை, எழுதுகிறேன். என் மனைவி பெனிற்றாவின் தம்பி கிருசாந்தன் எப்படிச் செத்தான் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. அதற்கு முதலில் என் பற்றரியைப் பற்றித் தெரிய வேண்டும்.

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற சின்ன வீடுதான் என் காரவன். அதன் கூரையில் இரண்டு சோலார் பலகைகள். கட்டிலுக்குக் கீழே ஒரு லிதியம் பற்றரி. எந்த பிளக்கில் எவ்வளவு கரன்ட் போகிறது என்று என் போனில் தெரியும். வேண்டாத பிளக்கைப் போனிலேயே நிறுத்தலாம். கம்பி இழுத்து யாரிடமும் கரன்ட் வாங்கத் தேவையில்லை. வாங்கிய புதிதில் எங்கள் தேவாலயத்துப் பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு ஆசீர்வதித்தோம். அவர் தீர்த்தத்தைக் கட்டில் பக்கமாகத் தெளித்தபோது நான் பற்றரிக்கு மேலே குப்புற விழுந்து மறைத்தேன். வந்தவர்கள் எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் கரன்ட் இல்லாத வருடங்களில் வளர்ந்தவன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட கூட்டம் நாங்கள். ஒருவன் சுற்ற வேண்டும், மற்றவர்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டில் சுற்றுகிறவன் நான். பாட்டு நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். கை வலிக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு ஜேர்மனியில் இருந்தேன், பிறகு லண்டனுக்கு வந்தேன், இரண்டு நாட்டிலும் கரன்ட் நிற்கவே இல்லை. ஆனாலும் யாராவது லைட்டை அணைக்காமல் போனால் என் வலது தோள் இன்னும் வலிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. மச்சான் வந்து போனைச் சார்ஜ் போடலாமா என்று கேட்டால், “ஓம் ஓம், போடுங்கோ” என்றுதான் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்வேன். பிறகு வெளியே போய்ப் புல்லில் நின்றுகொண்டு, அந்த பிளக்கைப் போனில் நிறுத்துவேன். அவர்களுக்கு மனம் நோகாது, பற்றரிக்கும் நோகாது. என்னைப் போல எல்லோருக்கும் இணங்கிப் போகிறவனை நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இனி கிருசாந்தன். ஹவுன்ஸ்லோவில் இருந்தான், ஹீத்ரோவில் பெட்டி ஏற்றுகிற வேலை. விமானத்துக்கும் கட்டடத்துக்கும் இடையில் பெட்டி வண்டிகளைத் தொடராகக் கட்டி இழுத்துப் பழகியவன். அதனால் என் காரவனைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்தத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். நான் எடுத்தால் அது எனக்கு எதிராக வளையும். எங்கே போவதென்றாலும் அவனைக் கூப்பிட வேண்டும். அவனும் ஷிப்டை மாற்றிக்கொண்டு வருவான், சிரித்துக்கொண்டு வருவான். பதினொரு வயதிலிருந்து இன்சுலின் போடுகிறவன். கையில் ஒட்டியிருக்கும் சிறிய வட்டம் அவனுடைய சீனியை அளந்து போனுக்குச் சொல்லும். கூடினால் போன் கூவும்.

போன ஓகஸ்டில் ஒரு கிழமை, ஒரு பிளக்கும் இல்லாத இடத்தில் இருந்து காட்டுகிறேன் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் அறிவித்தேன். ஐம்பத்தாறு பேர் உள்ள குழு. கனடாவிலிருந்து கைதட்டினார்கள். மூன்றாம் நாளே ஓடி வருவார் என்று சுவிஸிலிருந்து ஒருவர் எழுதினார். காட்டுக்குப் போகிறோம் என்று பெனிற்றாவிடம் சொன்னேன். அப்மின்ஸ்டருக்கு அப்பால் ஒரு விவசாயியின் புல்வெளி அது. அப்மின்ஸ்டர் என்பது எங்கள் வீட்டருகே ஓடுகிற அதே டிஸ்ட்ரிக்ட் லைனின் கடைசி ஸ்டேஷன். மருந்துக்கடை காரில் பத்து நிமிடம். மருந்துக்கடையை ஏன் சொல்கிறேன் என்பது உங்களுக்குப் போகப் போக விளங்கும்.

போய் இறங்கியதும் கிருசாந்தன் ஒரு சின்னப் பெட்டியைத் தந்தான். மாற்றுக்குக் கொண்டுவந்த இன்சுலின் ஊசிப் பேனாக்கள்.

“அத்தான், இதை ஃபிரிஜ்ஜுக்குள்ள வையுங்கோ. கொஞ்சம் குளிரா இருந்தாக் காணும். ஐஸ் மட்டும் பிடிக்கக் கூடாது. பிடிச்சா உது மருந்தில்லை, வெறும் தண்ணி.”

ஓம் ஓம் என்றேன்.

பெனிற்றா அதைக் கதவுத் தட்டில் வைத்தாள். நான் பிறகு எடுத்து உள்ளே, பின்சுவரோடு வைத்தேன். கதவுத் தட்டு நல்ல இடம் இல்லை. ஆட்கள் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பார்கள். மருந்துக்கு ஒரு மரியாதை வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தேன்.

அந்தக் கிழமை லண்டனில் அப்படியொரு வெயில். மத்தியானத்துக்கு முன்பே பற்றரி நிரம்பிவிடும். அதற்குப் பிறகு விழுகிற வெயில் முழுவதும் வீண். மற்றவர்கள் அந்த வெயிலில் துண்டை விரித்துப் படுத்தார்கள். எனக்கு அது திறந்துவிட்ட பைப்பைப் பார்ப்பது போல இருந்தது. மிச்ச வெயிலை எங்கே வைப்பது என்று யோசித்தேன். குளிராக்கி வைக்கலாம். பகலில் ஃபிரிஜ்ஜை ஆகக் கூடிய குளிருக்கு விட்டேன். பொழுதுபட அதை முழுதாக நிறுத்தினேன். உள்ளே எல்லாம் இறுகிப்போய், விடியும் வரைக்கும் கரன்ட் இல்லாமலே குளிராக இருந்தது. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. இரவில் ஃபிரிஜ் ஓடவில்லை என்று தெரிந்தால் பெனிற்றா ஆட்டிறைச்சியைப் பற்றிக் கவலைப்படுவாள்.

செவ்வாய்க்கிழமை அவமானம் நடந்தது. எனக்குத் தெரியாமல் பெனிற்றா ரைஸ் குக்கரைக் கொண்டுவந்திருந்தாள். என் உடுப்புப் பைக்குள்ளேயே சுற்றி வைத்திருந்தாள். நான் குளிக்கப் போன நேரம் பார்த்து அதைப் பிளக்கில் போட, காரவன் முழுவதும் கரன்ட் நின்றுபோனது. சவர்க்காரத் தலையோடு வெளியே வந்தேன். கிருசாந்தன் புல்லில் உருண்டு சிரித்தான். எழுந்து, போனை வாயருகே பிடித்து, குடும்பத்துக்குக் குரல்செய்தி அனுப்பினான்.

“அறிவித்தல். அத்தான்ர அணுமின் நிலையம் ஒரு சுண்டு அரிசிக்கு விழுந்திட்டுது. கவலைப்பட வேண்டாம், சோறு அரைவாசி அவிஞ்சிட்டுது.”

நல்ல பகிடிதான். நானும் சிரித்தேன். ஐம்பத்தாறு பேரும் சிரித்தார்கள். பிறகு எல்லாவற்றையும் மறுபடி இயக்கிவிட்டு, தலையைக் கழுவினேன்.

அடுத்த நாள் காலை ஃபிரிஜ்ஜைத் திறந்தேன். பால் எடுக்கத்தான் திறந்தேன், யோசிக்க அல்ல. மருந்துப் பெட்டி பின்சுவரோடு ஒட்டிப்போயிருந்தது. இழுத்தபோது அட்டை கிழிந்தது. பேனாக்களுக்குள் மருந்து வெள்ளையாக, கல்லாக இருந்தது.

அப்போது யோசித்தேன். அவன் சொன்னது நினைவிருந்தது. மருந்துக்கடை பத்து நிமிடம். அவனை எழுப்பி, மச்சான், பிழை விட்டுவிட்டேன், வா போவோம் என்றால் வந்திருப்பான். சிரித்துக்கொண்டே வந்திருப்பான். காரில் ஏறும்போதே போனை வாயருகே பிடித்திருப்பான். அறிவித்தல், அத்தான் ஐஸ்கிறீம் செய்கிறார்.

ஒவ்வொரு பேனாவாக எடுத்து உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கினேன். அவசரப்படவில்லை. பச்சைக் குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்தேன். கிழிந்த அட்டையை ஒட்டி, சோலார் பலகையின் மேல் வைத்துக் காய வைத்தேன். மருந்து உருகித் தெளிவாக வந்தது. பார்த்தால் ஒரு வித்தியாசமும் சொல்ல முடியாது. பெட்டியைக் கொண்டுபோய், பெனிற்றா முதலில் வைத்த கதவுத் தட்டிலேயே வைத்தேன்.

அன்று மத்தியானம் பையில் வைத்திருந்த பேனா முடிந்ததும் அவன் புதியதை எடுக்க வந்தான். அட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

“அத்தான், இதுக்கு ஐஸ் ஒண்டும் பிடிக்கேல்லைத்தானே?”

“இல்லையடா. கதவிலதானே கிடக்கு.”

கதவில்தான் கிடந்தது. நான் பொய் சொன்னேன் என்று மொழிபெயர்ப்பவர் அவசரப்பட்டு எழுத வேண்டாம்.

அன்று பின்னேரம் அவனுடைய போன் கூவத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் ஊசி போட்டான். மறுபடி கூவியது, மறுபடி போட்டான். “அக்கா, உங்கட புட்டு என்னைக் கொல்லப் போகுது” என்றான். பெனிற்றாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மாம்பழத்தையும் சேர்த்துக்கொள் என்று நானும் பகிடி விட்டேன். சாப்பாட்டு மேசையில் ஒருவரோடு சேர்ந்து சிரிப்பது குற்றம் அல்ல.

வியாழக்கிழமை அவன் தண்ணீர் குடித்தபடியே இருந்தான். தண்ணீர் பம்பும் பற்றரியில்தான் ஓடுகிறது, நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தான். மூச்சு நீளமாக வந்தது, அழுகிய பழம் போல மணத்தது. வெயில்தான் காரணம் என்றேன். அந்த வெயிலுக்கு அதை யாரும் நம்புவார்கள். பெனிற்றா அம்புலன்ஸ் என்றாள். சத்திக்கெல்லாம் அம்புலன்ஸ் கூப்பிட்டால் பேசுவார்கள் என்றேன். கட்டிலில் என் பக்கத்து இடத்தை அவனுக்குக் கொடுத்தேன். பற்றரிக்கு நேர் மேலே, காரவனில் ஆகக் குளிர்ச்சியான இடம் அதுதான். நெற்றியில் ஈரத்துணியும் போட்டேன். அவன் என் கையைப் பிடித்தான்.

“அத்தான், இந்த மருந்து வேலை செய்யேல்லைப் போல கிடக்கு. வீட்ட போவமே?”

“ஓம் ஓம். விடியப் போவம். இப்ப படு.”

அவன் சிரிக்கப் பார்த்தான். “காரவனை நீங்கள் எடுப்பீங்களோ? அப்ப நான் நடந்து வாறன்.”

அதுதான் அவனுடைய கடைசிப் பகிடி. அவன் சோகமான ஆளாக இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

பொழுதுபட வழக்கம்போல பிளக்குகளை நிறுத்தினேன். அவனுடைய போன் அப்போது சார்ஜில் இருந்தது, நான் பார்த்தேன். விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். கொஞ்ச நேரத்தில் போன் செத்தது, கூவலும் நின்றது. பெனிற்றா, அப்பாடா, சீனி இறங்கிவிட்டது என்று செபமாலையை எடுத்தாள். நான் திருத்தவில்லை. அவள் அவ்வளவு நிம்மதியாக இருந்ததை அந்தக் கிழமையில் வேறு நேரம் காணவில்லை.

விடிய அம்புலன்ஸ் வந்தது. வந்தவர்களுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. இன்சுலின் ஒழுங்காகப் போட்டானா என்று கேட்டார்கள். ஓம், நானே பார்த்தேன் என்றேன். அவர்கள் எழுதிக்கொண்டிருந்தபோது என் கை பழக்கத்தில் போனைத் தட்டியது. பற்றரி நூற்றுக்கு அறுபத்தொரு வீதம் இருந்தது. அவ்வளவும் மிச்சம். ஒரு போனை ஓர் இரவு முழுக்கச் சார்ஜ் போட ஒரு வீதமே தேவைப்படாது. அது எனக்கு முதலே தெரியும், போன் என் தொழில்.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை. நானாகத்தான் வந்தேன். முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு பங்குக் கோவில் மண்டபத்தில் எல்லோருக்கும் சாப்பாடு கொடுத்தோம். பெனிற்றா தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரோடு நின்று, ஆறுதல் சொல்ல வந்த ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொன்னாள்.

“நான்தான் சாப்பாடு குடுத்து அவனைச் சாகடிச்சனான்.”

வீட்டுக்கு வந்து புட்டுக்குழலைக் குப்பையில் போட்டாள். அன்றிலிருந்து சமைக்கவில்லை. அடுப்படிக்குள் போகவே பயப்படுகிறாள். என்னுடையது இளகிய மனம், அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் எழுதித் தருகிறேன்: புட்டில் ஒரு பிழையும் இல்லை. மருந்து ஐஸ் பிடித்தது எனக்குத் தெரியும். அவன் கேட்டான், நான் இல்லை என்றேன். இத்தனை வருடத்தில் அவன் கேட்ட எதற்கும் நான் சொன்ன ஒரே ‘இல்லை’ அதுதான். மற்ற எல்லாவற்றுக்கும் ஓம் என்றுதான் சொன்னேன்.

இதை மொழிபெயர்த்து முதலில் பெனிற்றாவுக்குச் சொல்லுங்கள். மன்னிக்கச் சொல்ல வேண்டாம், சமைத்துச் சாப்பிடச் சொன்னால் போதும்.

இன்னொரு உதவி. காரவனை ஃபாரஸ்ட் கேட்டில் உங்கள் பொலிஸ் நிலைய மதிலோரம் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று அறிந்தேன். அது நிழல். கூரையில் இலைகளும் விழுந்திருக்கும். யாரையாவது கொண்டு வெயில் படுகிற பக்கமாகத் தள்ளிவிட முடியுமா? பற்றரி இருபது வீதத்துக்குக் கீழே போகக்கூடாது. கவனித்துப் பார்க்கிற ஓர் ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் அது செத்துப்போகும்.