தேரி மணலில் மருமகளின் பைக்

திருச்செந்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஆத்தூர் தாண்டும்போது, கண்ணாடி போட்டிருந்தவர் மற்றவரிடம் சொன்னார்: "ஏளா, எங்க மருமவ பைக்குல ஏற எனக்கு ஸ்டூல் போடணும்." நான் கேட்டுக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன்.

"ஸ்கூட்டி இல்லையா?"

"இல்ல. காடு, மணலு எல்லாத்துலயும் ஓடுற ஒசரமான பைக்கு. ஆனா கனமே கெடையாது, விழுந்தா அவளே தூக்கி நிறுத்திருவா. துபாய் மணல்லயே ஓட்டுனவன்னு எம்மவன் தனக்குத்தான் வாங்குனான். அவ ஓட்டப் படிச்சு மூணு மாசந்தான் ஆவுது."

"பொறவு?"

"ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் தேரிக்காட்டுக்குப் போனாவ. செவப்பு மணல்ல டயரு புதைஞ்சிட்டு. இவன் முறுக்குதான், முறுக்குதான், இன்னும் உள்ளதான் போவுது. அவ எறங்கி, ரெண்டு டயருலயும் பாதிக் காத்த எறக்கிவிட்டா. பொறவு ஏறி ஓட்டிட்டே வீட்டுக்கு வந்துட்டா."

"அப்ப ஒம்மவன்?"

"பின்னால உக்காந்து வந்தான்."

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கேட்டத் தொறக்கச் சொல்லி ஹாரன் அடிச்சாவ. தெரு முழுக்கப் பாக்கட்டும்னு, கேட்டு சாவிய இடுப்புல செருவி வச்சிக்கிட்டே வீடெல்லாம் தேடுனேன்."