தேன் பியருக்கு நாலரைப் புள்ளி

உங்கள் ஸ்டேஷன் பிளேன்டீ மோசமில்லை, இன்ஸ்பெக்டர். ராகலைப் பக்கத்துக் கொழுந்து. சாயம் கொஞ்சம் குறைவு, ஊறவிட்ட நேரம் போதாது. ஆனால் கொண்டுவந்து வைத்த அந்தப் பெண் பொலிசைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்த நாட்டில் தேயிலை குடிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் குடிப்பது சுடுதண்ணீரும் சீனியும். தேயிலை நடுவில் சும்மா வந்து போகிறது.

நீங்கள் எழுதிக்கொள்ளலாம். என் பெயர் கிறிஸ்டியன். ஹட்டனுக்குக் கீழே ஒரு தோட்டத்து ஃபெக்டரியில் இருபத்தாறு வருடமாக டீமேக்கர். லயத்தில், தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பா கொழுந்து மூட்டை தூக்கினார். என்னை அந்த லயத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது படிப்பும் இல்லை, யாருடைய சிபாரிசும் இல்லை. நாக்கு. பதினெட்டு வயதில் அப்போதிருந்த துரை ஆறு கோப்பைகளை வரிசையாக வைத்து, எது எந்த மலைக் கொழுந்து என்று கேட்டார். ஆறையும் சொன்னேன். ஐந்தாவது கோப்பைக்கு, மழைக்கு அடுத்த நாள் எடுத்த கொழுந்து என்றும் சொன்னேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் துரைக்கு முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான்.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. மிலான் என்னை ஏன் கூப்பிட்டான் என்பது உங்களுக்கு விளங்க வேண்டும்.

மிலான் என் தங்கை டெல்சியின் மகன். ஒரே பிள்ளை. துபாயில் ஹோட்டல் ஒன்றில் ஏழு வருடம் இருந்துவிட்டு, தாடியோடும் நான்கு ஸ்டீல் தொட்டிகளோடும் திரும்பி வந்தான். நோட்டன் பிரிட்ஜ் போகும் வழியில் பாழடைந்து கிடந்த ஒரு பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, லைசன்சுக்கு இரண்டு வருடம் அலைந்து, பியர் காய்ச்சத் தொடங்கினான். சாதாரண பியர் இல்லையாம். பழுப்பு நிறத்தில், தேன் சேர்த்தது. டெல்சி தன் நகையை விற்றுக் கொடுத்தாள். தேயிலைக்கு இனி எதிர்காலம் இல்லை, இதுதான் மலையகத்தின் புது ருசி என்று அவன் என் வீட்டிலேயே, என் கதிரையிலேயே உட்கார்ந்து சொன்னான். நான் சிரித்துக்கொண்டேன். பியர் என்பது புளித்த கஞ்சி. தேனை ஊற்றினால் இனிப்பான புளித்த கஞ்சி. அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது.

ஆனாலும் நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டால் போக வேண்டுமே. ஒரு ஞாயிறு பின்னேரம் பன்னிரண்டு பேரை அழைத்திருந்தான். நுவரெலியா ஹோட்டல்காரர்கள், கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேர், தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர். நிறம், மணம், ருசி என்று அச்சடித்த தாள்கள். ஐந்துக்கு இத்தனை என்று புள்ளி போட வேண்டும். முதலில் ருசி பார்த்துப் புள்ளி சொல்வது நான். "மாமா நாலு போட்டா போதும், ஹோட்டல்காரங்க எல்லாம் ஓடர் குடுத்திருவாங்க. உங்க நாக்க நம்பாத ஆளு இங்க யாரு இருக்கா" என்றான். அது மட்டும் உண்மை.

நான் நிஷாந்தியையும் அழைத்துப் போனேன். ஃபெக்டரியில் எனக்குக் கோப்பை வரிசை வைக்கிற பெண். அவளை ஏன் அழைத்துப் போனேன் என்று நேற்று இரண்டு தடவை கேட்டீர்கள். அது வேலை செய்யும் முறை, இன்ஸ்பெக்டர். நான் குடிப்பதற்கு முன்னால், சூடு பார்க்க, ஒவ்வொரு கோப்பையிலும் அவள் ஒரு கரண்டி எடுத்துக் குடிப்பாள். கருகல் இருந்தால் அவளுடைய இடது புருவம் ஏறும். புளிப்பு இருந்தால் வாயோரம் இழுக்கும். நல்ல கொழுந்து என்றால் அடுத்த கரண்டிக்குக் கை தானாகப் போகும். இந்த வழக்கத்தை நான்தான் கொண்டுவந்தேன், கொரோனாவுக்குப் பிறகு. எனக்கு அது வந்து கொத்மலை முகாமில் பதினான்கு நாள் வைத்திருந்தார்கள். காய்ச்சல் வந்தது, போனது, எல்லோருக்கும் போலத்தான். அதன் பிறகு வேலையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்ப்பேன், சாயத்தைப் பார்ப்பேன், ஊறிய இலையைப் பார்ப்பேன், பிறகு குடிப்பேன். நாலு வருடத்தில் கொழும்புத் தரகர்கள் என் தேயிலையை ஒரு தடவைகூடத் திருப்பி அனுப்பியதில்லை. இதில் அந்தப் பெண்ணுக்கு என்ன பங்கு இருக்கிறது? தராசுக்குக் கணக்குத் தெரியுமா?

என் மனைவி றோசலின் உங்களிடம் பருப்புக் கறிக் கதை சொன்னாளாம். கெட்டுப்போன கறியை நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேனாம், நன்றாயிருக்கிறது என்றேனாம். சாப்பிட்டேன். முப்பது வருடம் சமைத்துப் போட்டவளின் மனம் நோகக் கூடாது என்று சாப்பிட்டேன். மரியாதை என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. பொலிசில் போய் அதைச் சொல்கிறாள்.

சரி, தேன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தேனைக் கொடுத்தவன் பழனியாண்டி, எங்கள் தோட்டத்து ஆள். காட்டு ஓரத்தில் தேன் எடுப்பான். மஞ்சள் கேன் ஒன்றில் கொண்டுவந்து கொடுத்தான். தோட்டத்தில் எந்தக் கேனும் வீணாவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். புல்லுக்கு அடிக்கிற மருந்து முடிந்ததும் கேனைச் சாம்பல் போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்துவைத்து, தண்ணீர் பிடிப்பார்கள், மண்ணெண்ணெய் வாங்குவார்கள். இந்தக் கேன் பழைய ஸ்டோரில் கிடந்தது. அதில் இருந்தது இப்போது விற்கவே கூடாது என்று தடை செய்த மருந்து. கேனைப் பொண்டாட்டி கழுவிவிட்டாள் என்று அவன் நினைத்தான், அவன் கழுவிவிட்டான் என்று அவள் நினைத்தாள். அடியில் நின்ற மருந்தோடு தேனை ஊற்றிவிட்டார்கள். இந்த மனிதர்களிடம் இதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது? நீங்கள் அவனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவனை விட்டுவிடுங்கள். கேனைக் கழுவாதது மட்டும்தான் அவன் செய்தது. அது எதற்கும் போதாத ஒரு குற்றம்.

அந்தப் பின்னேரம் நடந்ததைச் சொல்கிறேன். முதல் கிளாசை மிலான் என் முன்னால் வைத்தான். நல்ல நிறம், அதை ஒப்புக்கொள்கிறேன். நுரையும் நின்றது. நிஷாந்தி வழக்கம்போல ஒரு கரண்டி எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மூக்குக்கிட்டே போனதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என் காதருகே குனிந்தாள்.

"ஐயா, இத குடிக்க வேணாங்க. மருந்து ஸ்டோர்ல அடிக்கிற வாட அடிக்குதுங்க."

வாயை மூடிக்கொண்டு நில் என்றேன். மிலான் பார்த்துவிட்டான். அந்தப் பிள்ளை என்னவோ சொல்கிறதே, என்ன மாமா என்று கேட்டான். பன்னிரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார்கள். நான் கிளாசை எடுத்து, தேயிலை குடிப்பதைப் போலவே, சத்தமாக உறிஞ்சி, வாய் முழுக்கச் சுற்றிவிட்டுப் பக்கத்தில் இருந்த எச்சில் சட்டியில் துப்பினேன். தேயிலை ருசி பார்க்கிறவன் விழுங்க மாட்டான். ஒரு நாளைக்கு இருநூறு கோப்பை பார்க்கிறவன் விழுங்கவும் முடியாது. பியரை விழுங்கித்தான் ஆக வேண்டும், கசப்பு தொண்டையில்தான் தெரியும் என்று அந்தத் தொப்பிக்காரர் எனக்குப் பாடம் எடுத்தார். நான் இங்கே உட்கார்ந்து உங்களோடு பேசிக்கொண்டிருப்பது அந்தத் துப்பலால்தான்.

பிறகு சொன்னேன். "தேன் வாடதான். காட்டுத் தேன் அப்படித்தான் இருக்கும். நாலரை போட்டுக்க."

மிலான் என் காலைத் தொட்டான். டெல்சி அடுப்படி வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. அதுவரைக்கும் ஒரு ஹோட்டல்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தார். நான் நாலரை என்றதும் அவருடைய மூக்கு நேராகிவிட்டது. ஒருவர் புகை மணம் என்று எழுதினார். ஒருவர் மரப்பட்டை என்றார். கொழும்பு ஆள் கண்ணை மூடிக்கொண்டு பழைய தோல் பெட்டி ஞாபகம் வருகிறது என்றார். எல்லாத் தாள்களையும் நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள், வாசித்துப் பாருங்கள். நான்குக்குக் கீழே ஒருவரும் போடவில்லை. களைக்கொல்லிக்கு, இன்ஸ்பெக்டர். நல்லவேளையாக அவர்களுக்கு ரசனை எழுத்தில் மட்டும்தான் இருந்தது. ஒரு வாய், இரண்டு வாய் குடித்துவிட்டு மீதியைப் பூச்சட்டியில் ஊற்றினார்கள். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிழைத்துவிட்டார்கள். சமையல்காரன் லோஜன் ஒரு கிளாஸ் முழுக்கக் குடித்தான், இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மிலான் மூன்று கிளாஸ் குடித்தான். சந்தோஷத்தில் குடித்தான். ஒன்பதாம் நாள் விடியப்புறம் போய்விட்டான். கடைசி மூன்று நாள் மூச்சு இழுக்க முடியவில்லை. அந்த மருந்து அப்படித்தான், மெதுவாக வேலை செய்யும்.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். நாக்கில் பட்ட உடனே எனக்குத் தெரியும். நிஷாந்தி சொல்வதற்கு முன்னாலேயே தெரியும். சொல்லாமல் இருந்தேன். தேயிலைக்கு எதிர்காலம் இல்லை என்றவனும், அவனைச் சுற்றி நின்று தாள் நிரப்பிய கூட்டமும், தங்கள் சொந்த நாக்கை ஒரு தடவையாவது நம்புகிறார்களா என்று பார்க்க நினைத்தேன். பன்னிரண்டு நாக்கில் ஒன்று, ஒரே ஒன்று, இது சரியில்லை என்று சொல்லியிருந்தால் நான் கிளாஸைத் தட்டிவிட்டிருப்பேன். ஒன்றும் சொல்லவில்லை. ருசி தெரியாதவர்கள் குடித்தார்கள். இதில் எனக்கு வருத்தம் இருப்பதாக எழுத வேண்டாம்.

நிஷாந்தி சொன்னாளே என்கிறீர்கள். அவளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கோப்பை கழுவுகிற பெண் அவள். அடுத்த நாளே வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் வாயைத் திறந்ததற்காக.

நீங்கள் இதை நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிகிறது. முகம் பார்ப்பதில் எனக்கு நல்ல பழக்கம். நேற்றும் டொக்டரின் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு தன்மையாகத்தான் பேசினீர்கள். கொரோனாவுக்குப் பிறகு சிலருக்கு ருசியும் மணமும் திரும்பி வருவதே இல்லை, அது வியாதி, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றீர்கள். தெரியாமல் நடந்தது என்றால் வழக்கு வேறு, தெரிந்தே விட்டது என்றால் கொலை, யோசித்துச் சொல்லுங்கள் என்றீர்கள். நல்ல மனிதர் நீங்கள். ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். மிலானைப் புதைத்துவிட்டுக் கல்லறை மேட்டிலிருந்து இறங்கி வரும்போது டெல்சி என் கையைப் பிடித்தாள். அழவில்லை. கேட்டாள்.

"அண்ணே, ஒனக்குமா தெரியாம போச்சு?"

ஊரே நின்றது. பாதிரியார் நின்றார், ஃபெக்டரி ஆட்கள் நின்றார்கள், கொழுந்து மூட்டை தூக்குகிறவன்கூட நின்றான். எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நான் கையை விடுவித்துக்கொண்டு கீழே இறங்கினேன். அடுத்த நாள் காலையில் முதல் பஸ்ஸில் ஏறி உங்களிடம் வந்துவிட்டேன். யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன். எனக்குத் தெரியும், டெல்சி. தெரிந்துதான் விட்டேன். அப்படியே எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். கொலைகாரன் என்று காறித் துப்பட்டும், பரவாயில்லை. பாவம், அண்ணனுக்கும் தெரியவில்லை என்று மட்டும் அவள் சொல்லக் கூடாது.

என்ன, அந்தப் பெண் பொலிஸ் ஏன் தலை குனிந்துகொண்டு நிற்கிறாள்?

கொத்தமல்லியா.

ஸ்டேஷனில் காலையிலேயே தேயிலை முடிந்துவிட்டது, சளி, தடிமனுக்கு அவிக்கிற கொத்தமல்லித் தண்ணீரைத்தான் கொண்டுவந்து வைத்தாள் என்கிறீர்கள். நான் குடித்த இரண்டு கோப்பையும் அதுதான் என்கிறீர்கள்.

தெரியும், இன்ஸ்பெக்டர். வாயில் வைத்த உடனே தெரியும். அந்தப் பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்றுதான் ராகலைக் கொழுந்து என்றேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?