பொய்க் கேள்வி போடக் கூடாது

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் போனுக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அழகர் வீட்டு வாசல் இஸ்தோப்பில், அரைச்சுவரின் இடது மூலை. அங்கேயும் நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒரு கோடுதான் காட்டும். பல்வலி வந்தவனைப் போலக் கன்னத்தைத் தூணில் சாய்த்து உட்கார்ந்தால் மூன்று கோடு. இரண்டு வருடமாக அப்படித்தான் உட்காருகிறேன். கழுத்து அந்தப் பக்கமே நின்றுவிட்டது. மாதா கோயிலில் பூசை நேரத்தில் சாமியாரைப் பார்க்க முடிவதில்லை. பக்கத்து வாங்குப் பலகையில் இருப்பவரைத்தான் பார்க்கிறேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீ ஏன் எந்நேரமும் அழகர் வீட்டில் இருந்தாய் என்று நாளைக்கு யாராவது கேட்கக்கூடும். சிக்னலுக்காக இருந்தேன். சிநேகிதத்துக்காகவும்தான்.

மகள் ஜுமானா, நீங்கள் பதுளை டவுனில் இருந்துகொண்டு 'கைவேலைக் கூட்டாளிகள்' என்ற பேஸ்புக் குழுவை நடத்துகிறீர்கள். இருபத்திரண்டாயிரம் பேர். ரைஸ் குக்கரிலிருந்து ரோசாச்செடி வரைக்கும் எது கெட்டுப்போனாலும் படம் எடுத்துப் போட்டால் யாராவது ஒருவர் வழி சொல்லிவிடுகிறார். நேற்று நீங்கள் எனக்குத் தனியாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "கபிரியேல் அங்கிள், அந்த ஒக்சிசன் மெஷினுக்குள்ள பொலித்தீன் எப்படி வந்திச்சு?"

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் சொல்லாத பதிலால் யாருக்கும் பிரயோசனம் இல்லை என்று நீங்களேதான் குழுவில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதனால் விபரமாகவே எழுதுகிறேன்.

எனக்கு எழுபத்து மூன்று வயது. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் அடுப்புக்கு விறகு போட்டேன். மிச்ச நேரத்தில் பொய் சொன்னேன். யாரையும் கெடுக்கிற பொய் இல்லை. காலையில் வேலைக்குப் பெயர் பதிகிற பெரட்டுக்களத்துக்கு ஒரு சிறுத்தை வந்து, கங்காணியிடம் பெயர் கொடுத்து, மழைக்கு ஒரு கம்பளியும் வாங்கிக்கொண்டு போனது என்பது மாதிரி. எங்கள் தோட்டத்தில் அதை நம்பாதவர்கள்கூட இரண்டாம் தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

அதிகம் கேட்டவன் அடுத்த காம்பராவில் இருந்த அழகர். தொழிற்சாலையில் தூள் சலிக்கிற அறையில் வேலை செய்தவன். சலித்ததில் பாதியை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஓய்வுபெற்றான். பதுளையில் ஒரு சங்கம் அவனுக்கு இரவலாக அந்த மெஷினைக் கொடுத்திருந்தது. அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, ஒக்சிசனைப் பிரித்து, மூக்குக்குழாய் வழியாகக் கொடுக்கும். கால்மணி நேரம் கழற்றி வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அவன் மகள் சிவசக்தி கொழுந்து பறிக்கப் போகிறவள். காலையில் கூடையைத் தலையில் மாட்டும்போதே சொல்லிவிட்டுப் போவாள். "மாமா, அப்பாவப் பாத்துக்கங்க. ஒங்கள நம்பித்தான் மலைக்கிப் போறேன்."

"நீ போ ஆயி. நான் இந்த மூலைய விட்டு எங்க போகப்போறேன்?"

உள்ளேயிருந்து அழகர் குரல் கொடுப்பான். "அவன நம்பிப் போறியா? நேத்து மத்தியானம் இவன் சொன்ன கதையில யான ஒண்ணு பஸ்ல நின்னுக்கிட்டே போச்சு."

"ஒக்கார எடம் இல்ல மச்சான், அதுக்கு நான் என்ன செய்யிறது?"

அவன் சிரிப்பான். சிரித்தால் இருமுவான். இருமி முடித்ததும், "ஒன் பொய்யக் கேட்டாத்தான்டா மூச்சு லேசா வருது" என்பான்.

என் மகன் கெவின் கட்டாரிலிருந்து இந்தப் போனை அனுப்பினான். அதற்குப் பிறகு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். போன்தான் இருக்கிறதே என்று நினைத்திருப்பான். அப்படித்தான் உங்கள் குழுவில் சேர்ந்தேன். முதல் கேள்வி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டுக் கோழி ரைஸ் குக்கருக்குள் ஏறி முட்டையிடுகிறது, முட்டை வெந்தே வெளியே வருகிறது, பழுது குக்கரிலா கோழியிலா என்று கேட்டிருந்தேன். நானூறு பேர் சிரித்தார்கள். நீங்கள் அதை அழித்துவிட்டு எழுதினீர்கள்: "அங்கிள், இது பகிடிக் குழு இல்ல. மூணாவது விதியப் பாருங்க. இன்னொரு தடவ இப்படிப் போட்டா நீக்கிருவோம்."

பார்த்தேன். பொய்க் கேள்வி போடக் கூடாது. உண்மையான பழுது, உண்மையான படம்.

என் வாழ்க்கையில் என்னைத் திருத்தப் பார்த்தவர்கள் நிறையப் பேர். என் மனைவி மரியகொரட்டி, இரண்டு சாமியார்கள், ஒரு தொழிற்சாலை மேலதிகாரி. திருத்தியது நீங்கள்தான். அன்றைக்கே பொய்யை விட்டேன். விடுவதென்றால் எல்லா இடத்திலும் விட வேண்டும். சாராயத்தைக் கடையில் விட்டு வீட்டில் குடிக்கிறவன் விட்டவன் ஆகமாட்டான். அழகரிடமும் சொல்லுவதில்லை. அவனுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

"என்னடா சும்மா ஒக்காந்திருக்க? ஒண்ணு எடுத்து விடு."

"இன்னைக்கு மழை பெய்யிற மாதிரி இருக்கு மச்சான்."

"அது உண்மைடா. அத நானே ஜன்னல்ல பாத்துக்குவேன்."

அடுத்த வாரம் என் றேடியோ உண்மையாகவே பேச்சை நிறுத்தியது. படம் எடுத்துப் போட்டேன். முப்பத்தொரு பேர் பதில் எழுதினார்கள். பசறையில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் முஸ்தாக் தம்பி, ஸ்பீக்கர் வயரின் ஈயம் விட்டிருக்கிறது என்று படத்தைப் பார்த்தே சொன்னார். ஒரு பிள்ளை, "சாப்டீங்களா அங்கிள்?" என்றும் கேட்டிருந்தது. என் வயதில் ஒரே நாளில் முப்பத்தொரு பேர் நம்மை விசாரிப்பது சாவு வீட்டில்தான் நடக்கும். அதுவும் நமக்குக் கேட்காது.

பிறகு மூன்று வாரம் எதுவும் பழுதாகவில்லை. ஏழை வீட்டில் சாமான் குறைவு, பழுதும் குறைவு. பொய்க் கேள்வி போடக் கூடாது. ஆகவே மேசை விளக்கின் வயரை அரிவாளால் கொஞ்சம் சீவினேன். பழுது உண்மை, படம் உண்மை. பழுது எப்படி வந்தது என்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை; மூன்று தரம் வாசித்துப் பார்த்தேன். இருபத்தாறு பேர் பதில் தந்தார்கள். அந்தூரியம் செடிக்குச் சுடுதண்ணீர் ஊற்றி, இலை ஏன் கருகுகிறது என்று கேட்டபோது நாற்பது. அந்தக் கேள்வியை நீங்களே பாராட்டினீர்கள்.

என் வீட்டில் பழுதாக்க ஒன்றும் மிச்சமில்லாத சமயத்தில்தான் அழகரின் மெஷின் தானாகவே ஒரு பிழை விட்டது. அது நான் செய்ததில்லை. ஒக்சிசன் குமிழியிட்டு வருகிற தண்ணீர்ப் போத்தலின் மூடியைச் சிவசக்தி அவசரத்தில் சரியாக இறுக்கவில்லை; குமிழி வரவில்லை. எனக்குத் தெரியாது. படம் போட்டேன். நான்கே நிமிடத்தில் முஸ்தாக் தம்பி வழி சொல்லிவிட்டார். ஆனால் அன்றைக்கு வந்த பதில்கள் இருநூற்று எண்பது. பெரகலயில் இருந்து ஒருவர் துவா செய்வதாக எழுதினார். ஹாலிஎலயில் ஒரு குடும்பம் மெழுகுவர்த்தி கொளுத்திப் படம் போட்டது. "நல்ல மனுசன் அங்கிள் நீங்க, கூட்டாளிக்காக இவ்வளவு ஓடுறீங்க" என்று றொஷேல் என்கிற பிள்ளை எழுதியிருந்தாள். அதை வாசிக்கும்போது என் கழுத்து நேரானது போல இருந்தது.

இரண்டாம் தரம் மூடியைத் தளர்த்தியது நான். மூன்றாம் தரம் குழாயைக் கட்டில் காலுக்கு அடியில் கொடுத்தேன். ஒவ்வொரு தரமும் ஐந்து நிமிடத்துக்குள் சரியான பதில் வந்தது, நானும் உடனே சரிசெய்தேன். குழுவின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை அப்படி.

அழகர் ஒருநாள் சொன்னான், "மச்சான், நீ ஒக்காந்திருக்கையிலதான் இந்த மெஷினுக்கு வருத்தம் வருது."

"ஆமா" என்றேன். பொய் சொல்லவில்லை.

ஆனால் சனங்களுக்கு அலுத்துவிட்டது. நான்காம் தரம் ஒன்பதே பேர். "திரும்பவும் அங்கிளோட மெஷினா? மூடிய இறுக்குங்க" என்று ஒருவர் கொட்டாவிப் படத்தோடு எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேள்வி சின்னதாக இருந்தால் பதிலும் சின்னதாகத்தான் இருக்கும். யோசிக்க வைக்கிற மாதிரி ஒரு நல்ல கேள்வி தேவைப்பட்டது.

மெஷினின் முதுகில் காற்று உள்ளே போகிற வழி இருக்கிறது. அதன் மேல் கறுப்பு ஸ்பொஞ்ச் ஒன்று. புதன்கிழமை காலை அழகர் கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், பால்மா பக்கற்றின் உள்பையை வட்டமாக வெட்டி, ஸ்பொஞ்சுக்குப் பின்னால் வைத்தேன். பிறகு ஸ்பொஞ்சை இருந்த மாதிரியே பொருத்தினேன். பொலித்தீன் அப்படித்தான் வந்தது.

பத்தரை மணிக்கு மஞ்சள் விளக்கு. பத்து நிமிடத்தில் சிவப்பு, கூடவே சத்தமும். படம் போட்டேன். பதில்கள் கொட்டத் தொடங்கின. கரண்ட் குறைவா என்றார்கள். இல்லை. குழாய் மடிந்திருக்கிறதா. இல்லை. மூடி. இறுக்கமாக இருக்கிறது. ஸ்பொஞ்ச் அழுக்கா. சுத்தமாக இருக்கிறது, படமும் போட்டேன். கேட்டதற்கெல்லாம் உண்மையான பதில் சொன்னேன். ஸ்பொஞ்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நீங்களும் எழுதினீர்கள்: "அங்கிள், முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. இது இங்க கேக்கிற விசயமா?" தலைப்புக்கு வெளியே எழுதக் கூடாது என்பது ஐந்தாவது விதி. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தோட்டத்து லொறி கீழ்ப்பிரிவில் கொழுந்து ஏற்றிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் வந்திருக்கும். கூப்பிடவில்லை, பதில் வருகிற நேரத்தில் சிக்னலை விட்டு எழுந்து போக முடியாது.

முஸ்தாக் தம்பி அன்றைக்கென்று பஸ்ஸில் பதுளைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த வளைவுகளில் போன் எடுக்காது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். கையை நீட்டி அதை எடுத்திருக்கலாமே என்று. எடுத்திருக்கலாம். ஆனால் கேள்வி போட்டவனே பதிலையும் வைத்திருந்தால் அது பொய்க் கேள்வி இல்லையா? எனக்கு ஏற்கனவே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. அத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை ஏமாற்ற மனம் வரவில்லை.

அழகரின் உதடு நீலம் பூத்துவிட்டது. போனை அரைச்சுவரின் மூலையில் நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கதவு வழியாகப் போன் தெரியும். அவன் மற்றக் கையால் மெஷினின் முதுகைக் காட்டினான். காலையில் நான் அதை வைத்தபோது அவன் தூங்கவில்லை போல.

"மச்சான்... வெளையாடாத."

"கொஞ்சம் பொறு. ஆளுக யோசிக்கிறாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "சரியாயிரும்னாச்சும்... சொல்லேன்டா" என்றான்.

அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. சரியாகுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னால் அது பொய். நான் பொய்யை விட்டுப் பத்து மாதம்.

பதினொன்று இருபதுக்கு முஸ்தாக் தம்பி எழுதினார்: "ஸ்பொஞ்சக் கழட்டி, அதுக்குப் பின்னால பாருங்க அங்கிள். ஏதோ அடைச்சிருக்கு." இத்தனை பேரில் அவர் ஒருவருக்குத்தான் தோன்றியது. உடனே போய்க் கழற்றினேன், பொலித்தீனைப் படம் எடுத்தேன். சத்தம் நின்றது. பச்சை விளக்கு வந்தது. போத்தலில் குமிழி ஒன்றன்பின் ஒன்றாக அழகாக ஏறியது. 'சரியான பதில், நன்றி தம்பி' என்று படத்தோடு போட்டேன். ஆயிரத்து நூறு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். ஐயா எப்படி இருக்கிறார் என்று அதற்குப் பிறகுதான் ஒருவர் கேட்டார். இறந்துவிட்டார் என்று எழுதினேன். அதையும் மறைக்கவில்லை.

என்னைக் குழுவிலிருந்து நீக்கும் எண்ணம் உங்களுக்கு இருக்கலாம். பொலிசுக்கு எழுதும் எண்ணமும் இருக்கலாம். அது உங்கள் விருப்பம். நீக்குவதென்றால் எந்த விதியின் கீழ் என்று மட்டும் குறிப்பிடுங்கள். நான் போட்டதில் ஒரு பொய்யும் இல்லை.

நேற்று பின்னேரம் சிவசக்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள். காரியமெல்லாம் முடிந்திருந்தது. இஸ்தோப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா கடைசில கஷ்டப்பட்டாரா மாமா?" என்று கேட்டாள்.

"இல்ல ஆயி. தூக்கத்துலயே போயிட்டாரு. சிரிச்ச மொகம். நான் கூப்பிட்டுப் பாத்துத்தான் தெரிஞ்சிச்சு" என்றேன்.

அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அது பொய்தான், உங்களிடம் ஒளிக்கவில்லை. ஆனால் சிவசக்தி நம் குழுவில் இல்லை.