பதினோரு ஹில்மிகள்

தேநீர் நன்றாக இருக்கிறது, அதிகாரி பாஷா. காவல் நிலையத்தில் கழுநீர்தான் கொடுப்பார்கள் என்று சொல்லிவைத்திருந்தார்கள். பொய். சர்க்கரை மட்டும் ஒரு கரண்டி கூடிவிட்டது. எங்கள் இல்லத்தில் யாருக்கு எவ்வளவு என்று எனக்கு மனப்பாடம்.

என் பெயர் ஷஹாத்தா. கைவேலைக்காரன் என்பதால் எல்லோருக்கும் உஸ்தா. டிராம் பாதைக்கு இந்தப் பக்கம், மறதி நோய் வந்த பெரியவர்களின் இல்லம் இருக்கிறதல்லவா, அங்கே குழாய், மின்சாரம், வெல்டிங், வாசல் காவல் எல்லாம் நான்தான். என் மனைவி தவ்ஹீதாவும் அங்கேதான் இருக்கிறாள், நோயாளியாக. நான் உழைப்பதற்குக் கூலி அவளுடைய கட்டிலும் சாப்பாடும். நல்ல ஏற்பாடு.

எங்கள் டாக்டர் இன்ஷிரா அம்மா ஒரு சட்டம் வைத்திருக்கிறார். அங்கே யாரையும் மறுத்துப் பேசக் கூடாது. ஸப்ரி என்று ஒருவர், ஐந்து வருடமாகக் கப்பல் ஏறக் காத்திருக்கிறார். விடிந்ததும் தொப்பியோடு வந்து நிற்பார்.

"உஸ்தா, கப்பல் எப்போ?"

"அலை சரியில்லையாம் கேப்டன். நாளைக்குத்தான்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்று சந்தோஷமாகப் போய் அவித்த மொச்சையைச் சாப்பிடுவார். ஒரு அம்மாள் மந்திரியின் பெண்டாட்டி. அவருக்குச் சலாம் வைக்காமல் யாரும் தரை துடைக்க முடியாது. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிற இடம், பாஷா. நீங்கள் ஒருநாள் வரவேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து, பிற்பகலில் அஸர் தொழுகைக்குப் பிறகு வரும் தேநீர் வேளைதான். நான் கை கழுவி, சட்டை மாற்றி, தவ்ஹீதாவுக்கு எதிரே போய் உட்காருவேன்.

"யாருய்யா நீ? தினமும் இந்தப் பக்கமே சுத்துறே?"

"பொண்ணு கேட்டு வந்திருக்கேங்க."

"தொழில்?"

"வெல்டிங்."

"அப்போ கண்ணு அவிஞ்சுபோயிடுமே. குருட்டு மாப்பிள்ளைக்கு எங்கப்பா கொடுக்கமாட்டார்."

"நல்லாத் தெரியுதுங்க. நீங்க அழகா இருக்கிறதுகூடத் தெரியுது."

"பேச்சைப் பாரு. சரி, சம்மதம். எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே."

நர்ஸ் ஸுஹைர் உடனே குலவையிடுவாள். மந்திரி பெண்டாட்டி தட்டைத் தட்டுவார். ரோஜா சர்பத் வரும். வாலிபத்தில் தவ்ஹீதா ஒரே ஒரு தடவைதான் சம்மதம் சொன்னாள், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. இப்போது தினமும் சொல்கிறாள், என் முகத்தைப் பார்த்து. எந்தப் புருஷனுக்குக் கிடைக்கும் இது?

கதவு விஷயத்துக்கு வருகிறேன். தவ்ஹீதா இரண்டு தடவை பின்கதவு வழியாக வெளியே போய் டிராம் பாதையில் நின்றுவிட்டாள். அதனால் பின்கதவை நான் வெல்டிங் வைத்து மூடினேன். அழகான வேலை. விரலால் தடவினாலும் மேடு தெரியாது.

குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். கோட்டுப் போட்ட, ஒல்லியான மனிதர், கையில் பை. வாசலில் எனக்கு அட்டையைக் காட்டினார். அரசாங்கப் பரிசோதகர், ஹில்மி ஷுக்ரி.

"முன்னாடியே தகவல் வரலையேங்க," என்றேன்.

"சொல்லாம வர்றதுதான் சோதனை, உஸ்தா. சொல்லிட்டு வந்தா அது விருந்து. கொல்லைப்பக்கத்துல இருந்து ஆரம்பிப்போம், அங்கேதான் யாரும் பெருக்கியிருக்கமாட்டாங்க."

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. வெந்நீர்க் குழாயை முழங்கையால் தொட்டுப் பார்த்தார், கிழவர்களின் தோல் அதைவிட மெல்லிசு என்றார். குளியலறைப் பிடிமானக் கம்பியில் தன் முழு பாரத்தையும் போட்டுத் தொங்கினார். பல்லி மாதிரி தொங்கிக்கொண்டே, "ஆடுது," என்றார். உண்மை, ஆடியது. பிறகு பின்கதவைத் தள்ளினார்.

"இது யார் வேலை?"

"என் வேலைங்க." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"தீப்பிடிச்சா உள்ளே இருக்கிற அத்தனை பேரும் எது வழியாப் போவாங்க?"

"இதுவரைக்கும் பிடிச்சதில்லைங்க."

"இன்னைக்கே இந்த இடத்தைப் பூட்டச் சொல்லி எழுதுறேன். எல்லாரையும் அரசாங்க விடுதிக்கு மாத்திடலாம்."

அரசாங்க விடுதியில் பெண்கள் பகுதிக்குள் ஆண்களை விடமாட்டார்கள், பாஷா. வாரத்தில் ஒருநாள், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். கம்பி வழியாகப் பெண் கேட்க முடியுமா?

கதவை அறுத்துவிடுகிறேன், ஒரு மணி நேர வேலை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அறுத்தால் தவ்ஹீதா தண்டவாளத்துக்குப் போவாள் என்று நினைத்து மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் ஸுஹைர் ஓடிவந்தாள்.

அன்று ஒரு புது ஆள் வருவதாக இருந்தது. ஃபிக்ரி என்று ஓய்வுபெற்ற அதிகாரி. தனக்கு ஒன்றுமில்லை என்று சண்டை போடுவார், இன்னும் வேலையில் இருப்பதாகத்தான் சொல்வார், கோட்டும் பையுமாக வருவார் என்று அவருடைய மருமகன் டாக்டரம்மாவிடம் சொல்லியிருந்தார். அதே மருமகன் அன்று காலையில் மறுபடி பேசினார். மாமா விடியற்காலையில் இறந்துவிட்டார் என்று அழுதார். போனை எடுத்தது நான். டாக்டரம்மாவிடம் சொல்லலாம் என்றிருந்தேன், குழாய் ஒழுகியதில் மறந்துபோயிற்று.

ஸுஹைர் கோட்டைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், இரண்டு கையையும் விரித்தாள். "வாங்க ஃபிக்ரி ஐயா, வாங்க. வீடே வெளிச்சமாயிடுச்சு."

"நான் ஃபிக்ரி இல்லை. நான் பரிசோதகர்."

"பின்னே? பரிசோதகரேதான். உங்க அறையையும் பரிசோதிச்சிடலாம், வாங்க."

"இந்தப் பெண்ணுக்குச் சொல்லுய்யா, உஸ்தா."

அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "மருமகன் விட்டுட்டுப் போயிட்டாரா?" என்று கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஆட்டியதுகூடப் பெரிதாக இல்லை, ஈ விரட்டுகிற அளவு.

அவர் கத்தினார். கத்தாத ஆள் யார் வந்திருக்கிறார்கள் அங்கே? முதல் வாரம் எல்லோரும் கத்துவார்கள், ஸப்ரி ஜன்னலையே உடைத்தார். டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பரிசோதகர்தான், யார் இல்லைன்னு சொன்னது?" என்றார். எத்தனை ஆமாம் சொன்னார்களோ அத்தனைக்கு அவர் குரல் ஏறியது. அட்டையும் கைபேசியும் நான் பத்திரமாக எடுத்துவைத்து, பிறகு கடலில் பத்திரமாகப் போட்டேன்.

உங்கள் ஆள் ஒருவர் தேடி வந்தாரே, அவரைத் திட்டாதீர்கள். அவர் தன் கடமையைச் செய்தார். "பரிசோதகர் வந்தார், தேநீர் குடித்தார், டிராம் பிடிக்கப் போனார்" என்று நான் சொன்ன பிறகும் கூடத்துக்குள் வந்து, "இங்கே ஹில்மி ஷுக்ரின்னு யாராவது இருக்கீங்களா?" என்று உரக்கக் கேட்டார்.

பதினோரு கைகள் எழுந்தன.

ஸப்ரி தொப்பியோடு எழுந்து, "நான்தான், கப்பல் வந்துடுச்சா?" என்றார். மந்திரி பெண்டாட்டியும் ஹில்மிதான். தவ்ஹீதாகூடக் கை தூக்கினாள், பக்கத்தில் இருப்பவர்கள் தூக்கினால் அவளும் தூக்குவாள். உண்மையான ஹில்மி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து உங்கள் ஆளின் சட்டையைப் பிடித்தார். "ஐயா, நான்தான் அவன். பின்கதவைப் போய்ப் பாருங்க."

"சரிங்க ஐயா, நீங்கதான்," என்றார் உங்கள் ஆள். ஸுஹைர் வாசலிலேயே சட்டத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். வெளியே வந்து, சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

ஹில்மிக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் எழுந்ததும் இல்லத்தைச் சுற்றிப் பார்ப்பார், ஸுஹைர் அதற்கென்றே ஒரு பென்சில் கொடுத்திருந்தாள். ஓடு பெயர்ந்திருக்கிறது என்பார், மாலைக்குள் ஒட்டிவிடுவேன். கட்டில் உயரம் என்பார், காலை அறுத்துக் குறைப்பேன். வெந்நீர் இப்போது யாரையும் சுடாது, கம்பி எதுவும் ஆடாது. குளிர்காலம் முழுவதும் ஒருவர்கூட வழுக்கி விழவில்லை. அலெக்ஸாண்ட்ரியாவிலேயே இப்படி ஒரு இல்லம் கிடையாது, பாஷா. அவர் சொன்னதில் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அதைத் திறந்தால் அவரும் அல்லவா போய்விடுவார்.

சில நாள் அவருக்கு மூளை மிகவும் தெளிவாக இருக்கும். தெரு பெயர், மேலதிகாரி பெயர் எல்லாம் வரிசையாகச் சொல்லுவார். அப்படித் தெளிவாக இருப்பது அவருக்குத்தான் வேதனை. டாக்டரம்மா எழுதிய தூக்கச் சொட்டைக் கொஞ்சம் தாராளமாகத் தேநீரில் விடுவேன். கசப்புத் தெரியாமலிருக்கச் சர்க்கரை கூட்டுவேன். வரவர அவருக்கு நிம்மதி. இப்போது ஹில்மி என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். ஃபிக்ரி என்றால் திரும்புவார். போன வாரம் என்னிடம், "உஸ்தா, நான் இங்கே என்னத்தைத் தேடி வந்தேன்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க, வீட்டுக்கு வந்தீங்க," என்றேன். எவ்வளவு லேசாகச் சிரித்தார் தெரியுமா?

இதெல்லாம் இருக்க நான் ஏன் இன்று வந்தேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சிதான். வேறொன்றுமில்லை.

நேற்று தேநீர் வேளையில் சட்டை மாற்றிக்கொண்டு நான் வருவதற்குக் கொஞ்சம் தாமதம், கேப்டனின் குழாய் ஒழுகியது. என் நாற்காலியில் பரிசோதகர் உட்காரப் போனார். உட்காருவதற்கு முன் பழக்கத்தில் நாற்காலியை ஆட்டிப் பார்த்தார். பிறகு தவ்ஹீதாவின் நாற்காலியையும் ஆட்டிப் பார்த்தார். ஒரு காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து வைத்தார்.

"தொழில் என்ன?" என்றாள் தவ்ஹீதா.

"எல்லாத்தையும் பார்த்துக்கிறது," என்றார் அவர்.

"இப்படி ஆளுதான் வீட்டைக் காப்பாத்துவான். எங்கப்பாவே ஒத்துக்குவார். சம்மதம்."

ஸுஹைர் குலவையிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, யாரையும் மறுக்கக் கூடாது என்பதுதானே சட்டம். நான் வாசற்படியில் நின்றேன். தவ்ஹீதா என்னைப் பார்த்து, "ஏய் தம்பி, சும்மா நிக்கிறியே, மாப்பிள்ளைக்குச் சர்பத் கொண்டா," என்றாள். கொண்டுபோனேன். சொட்டு எதுவும் விடவில்லை, சத்தியமாக.

ராத்திரி முழுவதும் யோசித்தேன். ஒரு மனிதரை அவருடைய பெயரிலிருந்து பிரித்து வைத்திருப்பது பாவம். அதனால் விடிந்ததும் முகச்சவரம் செய்துகொண்டு நேரே உங்களிடம் வந்தேன். அவர் ஹில்மி ஷுக்ரி. நான்தான் அவரை அடைத்துவைத்தேன், நான்தான் அவரைக் கரைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆட்களை அனுப்பி இன்றே அவரைக் கூட்டிப் போய்விடுங்கள். முன்வாசல் வழியாகத்தான் போக முடியும். நேரம் மட்டும் முக்கியம், அஸருக்கு முன்னால் போனால் நல்லது.

கையெழுத்து எங்கே போடவேண்டும், பாஷா? சீக்கிரம் முடித்தால் அடுத்த டிராமைப் பிடித்துவிடுவேன். இந்தச் சட்டை நேற்று ராத்திரி தேய்த்தது, அவள் இன்னும் பார்க்கவில்லை.