நிற்காத வாட்ச்

பழைய வாட்ச் வாங்கப் போகிறவர்கள் பகல் வெளிச்சத்தில் போக வேண்டும். டியூப் லைட்டில் எல்லா வாட்சும் அழகுதான். ஜன்னலோரம் கொண்டுபோய்க் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணாடியில் இருக்கும் கீறலும், யாரோ பாலிஷ் போட்டு மழுக்கிய விளிம்பும் தெரியும். இதை உங்களுக்கு ஓசியில் சொல்கிறேன். எனக்குக் கற்றுக்கொள்ள மூன்று வருஷம் ஆயிற்று.

என்னைப் பற்றி உங்கள் ஆட்கள் விசாரித்திருப்பார்கள். லிப்ட் மெக்கானிக், பதினெட்டு வருஷ சர்வீஸ். என் பொறுப்பில் முப்பத்தொரு லிப்ட் இருக்கிறது. ஒன்றிலும் இதுவரை ஒருவருக்கும் நகக் கீறல்கூடப் பட்டதில்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. மனிதனாகப் பிறந்தவனுக்கு ஒரு ஆசை இருக்கக் கூடாதா? எனக்கு ஒரு நல்ல வாட்ச் வேண்டும், அவ்வளவுதான். புதிதாக வாங்க என் சம்பளத்துக்கு ஏழு ஜென்மம் ஆகும். அதனால் இன்னொருவர் கட்டியதை வாங்குவது என்று முடிவு செய்தேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை, இப்போதும் இல்லை.

மனைவி மட்டும் கிண்டல் செய்தாள். "அதுல மட்டும் மணி முன்னாடியே வந்துருமா? என் கழுத்துல கெடக்குறது கவரிங். கையில மட்டும் ராஜா வேஷமா?" என்றாள். நானும் சிரித்தேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே சொன்னால் ராத்திரிச் சாப்பாடு கிடைத்திருக்காது.

பழைய வாட்ச் விற்கிற கடைகளில் ஏறி இறங்கியதில் ஒன்று தெரிந்துகொண்டேன். வாட்ச் தனியாக வரக் கூடாது. முதல் முதலில் வாங்கியபோது கொடுத்த பெட்டி, பில், உத்தரவாத அட்டை மூன்றும் கூட வர வேண்டும். விற்பவர் கைப்பட ஒரு கடிதமும் எழுதித் தர வேண்டும். ஒரு கடைக்காரர் பச்சையாகவே சொன்னார்: "பேப்பர் இல்லாம தொடாதீங்க சார். நாளைக்கே திருட்டு மால்னு ஒருத்தன் வந்து நின்னா நீங்கதான் கம்பி எண்ணணும்." அன்றைக்கே உறுதி எடுத்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆள் நான் இல்லை. என் முதல் வாட்ச் சுத்தமாக வர வேண்டும். இதை நீங்கள் மறக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

போன மாதம் போனில் அந்த விளம்பரம் வந்தது. வெள்ளை முகம், கறுப்புத் தோல் வார், மெல்லிசு. பேட்டரி கிடையாது, தினமும் கையால் சாவி கொடுக்க வேண்டும். ஒரே சொந்தக்காரர், எல்லாப் பேப்பரும் உண்டு. விற்றவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். நாலாவது மாடியில் தனியாக இருந்தார். அந்தக் கட்டடத்து லிப்ட் என்னுடையது அல்ல. கதவு மூட ஏழு விநாடி எடுக்கிறது, யாரும் கவனிப்பதில்லை.

முதல் தடவை போனபோது வாட்சைக் கழற்றி என் காதில் வைத்தார். "இருபத்தாறு வருஷம் தம்பி. ஒரு நாள்கூட நின்னதில்ல. காலையில ஷேவ் பண்ணி முடிச்சதும் ஏழு மணிக்கு முப்பது சுத்து. எனக்கு ஆபரேஷன் ஆனப்பகூட நர்ஸம்மாகிட்ட சொல்லி சாவி குடுக்க வெச்சேன்" என்றார். கையில் கட்டியிருக்கும்போது சாவி கொடுக்கக் கூடாது, கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற தண்டு வளைந்துவிடும் என்றும் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு இயந்திரத்தை இப்படி வைத்துக்கொள்கிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டாவது தடவை விலை படிந்தது. அப்போது வெளியூரிலிருந்து அவர் மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். "அந்தப் பழசை எவன் கேட்டாலும் தூக்கிக் குடுத்துத் தொலைங்களேம்பா. பேட்டரிகூட இல்லாதத வெச்சுக்கிட்டு" என்றாள். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நாங்கள் இருவரும் சிரித்தோம்.

மூன்றாவது தடவை போனது செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அரை நாள் லீவு போட்டு, குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, பையில் பணத்தோடு போனேன். பெட்டியும் பேப்பரும் மேஜையில் இருக்கும் என்று நினைத்தேன். மேஜையில் ஒன்றும் இல்லை.

"உக்காருங்க தம்பி. ஒரு பேங்க் மேனேஜரும் கேட்டிருக்கார். அவருக்கே குடுத்துரலாம்னு தோணுது" என்றார்.

"நமக்குள்ள பேசி முடிச்சாச்சே சார்" என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கிரீஸ்ல கை விடுற ஆளு. உங்க கையில இது வீணாப் போயிரும். அவர் கைக்குன்னா எடுப்பா இருக்கும்." கோபமாகச் சொல்லவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் டாக்டர்கள் பேசுவார்களே, அந்த இதமான குரல். "இருங்க, காபி போடுறேன்" என்று எழுந்தார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு எட்டாமல் போகவில்லை; எட்டியதைத் தட்டிவிட்டார்கள். பதினெட்டு வருஷமாக அந்தக் கிரீஸ் கையை நம்பித்தான் டாக்டர்களும் மேனேஜர்களும் மாடி ஏறி இறங்குகிறார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. வந்தது என்றுதான் சொல்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சமையலறை வாசலில் கிடந்த விரிப்பில் அவருக்குக் கால் தடுக்கியது. நிலைப்படியில் தலை இடித்து, பக்கவாட்டில் விழுந்தார். தள்ளினாயா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். முப்பது தடவை கேட்டாலும் இல்லை என்பதுதான் பதில். அவர் தானாக விழுந்தார். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.

நான் முதலில் வாட்சைப் பார்த்தேன். கண்ணாடி உடையவில்லை. ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். வாட்சைக் கழற்றிக்கொண்டு போகலாம். அப்படிப் போனால் நான் திருடன். பேப்பர் இல்லாத வாட்சைக் கட்டிக்கொண்டு வாழ்நாள் முழுக்கச் சட்டைக் கையை இழுத்து மூட வேண்டும். யாரையாவது கூப்பிடலாம். கூப்பிட்டால் வாட்ச் மேனேஜருக்குப் போகும். ஒன்றும் செய்யாமல் போனால், சில நாளில் மகள் வருவாள். பழசை எவன் கேட்டாலும் கொடுக்கச் சொன்னவள். முறைப்படி பணம் கொடுத்து, பெட்டியோடும் பில்லோடும், அவள் கைப்பட எழுதிய கடிதத்தோடும் வாங்கிக்கொள்ளலாம். பொறுத்தார் பூமி ஆள்வார். நான் கேட்டது பூமியை இல்லை, ஒரு வாட்சை. ஆணியில் மாட்டியிருந்த கதவுச் சாவியை எடுத்து, வெளியே பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் நீங்கள் நினைப்பது அல்ல. அந்த வாட்ச் ஒரு தடவை சாவி கொடுத்தால் நாற்பது மணி நேரம் ஓடும். அதற்கு மேல் நின்றுவிடும். இருபத்தாறு வருஷமாக நிற்காத ஒன்று, இனி எனக்கு வரப் போகிற ஒன்று, என் கண் முன்னால் நிற்பதா? உங்கள் கையில் இருப்பது பேட்டரி வாட்ச். உங்களுக்கு இது விளங்காது. நல்ல வாட்சை நேசிக்கிற எவனைக் கேட்டாலும், நான் செய்ததைத்தான் செய்வான்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் போனேன். அவர் கையிலிருந்து வாரை அவிழ்த்தேன். முப்பது சுற்று கொடுத்தேன். அதே ஓட்டையில் திரும்ப மாட்டிவிட்டு வேலைக்குப் போனேன். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, எல்லா நாளும் அப்படியே. ஐந்து நாள் காலையிலும் அந்த வாட்ச் முழுசாக என் கையில் இருந்தது. ஐந்து நாளும் திரும்பக் கட்டிவிட்டேன். திருடன் இப்படிச் செய்வானா? நீங்களே சொல்லுங்கள்.

திங்கட்கிழமை போனபோது கதவு திறந்து கிடந்தது. ஆறு நாளாக அப்பா போன் எடுக்கவில்லை என்று மகள் விடிகாலை வண்டியில் வந்து, பூட்டை உடைத்திருந்தாள். அக்கம்பக்கத்து ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நின்றார்கள். அவள் மட்டும் தரையில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா சாவி குடுக்காம இது ஓடாதே. எப்படி ஓடுது?" என்று கேட்டாள். என் போனில் மணி ஏழு ஐந்து, அந்த வாட்சிலும் ஏழு ஐந்து. அப்போதும் நான் நழுவியிருக்கலாம். அவள் தலையைத் தூக்கி, "நீங்க யாரு?" என்றாள்.

"வாட்ச் வாங்க வந்தேம்மா" என்றேன். பொய் சொல்லவில்லை. கதவுச் சாவி என் பாக்கெட்டில் இருந்தது, அதை உங்கள் ஆட்கள் பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார்கள்.

உங்கள் டாக்டர் உயிர் போனது வெள்ளிக்கிழமை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். விழுந்தது செவ்வாய். அந்த இடைவெளியைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு என் முகத்தையே பார்க்கிறீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை எனக்குத் தெரியாது. கேட்டுக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை கதவைத் திறந்ததும் முனகல் கேட்டது. லிப்டில் ஆள் மாட்டிக்கொண்டால், கதவைத் திறப்பதற்கு முன் வெளியே நின்று ஒரு குரல் கொடுப்போம். அந்தப் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது: "பயப்படாதீங்க, ஆள் வந்தாச்சு." அவர் அழுதார். "தம்பி, தண்ணி" என்றார். "போனை எடுங்க" என்றார். போன் மேஜையில் இருந்தது, அவருக்கு எட்டாது. தலையில் அடிபட்டவருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று எங்கள் கம்பெனி முதலுதவி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் கொடுக்கவில்லை. சாவி மட்டும் கொடுத்தேன்.

வியாழக்கிழமை "மணி என்ன?" என்று கேட்டார். ஏழு மூன்று என்று அவர் வாட்சையே பார்த்துச் சொன்னேன். சரியாகத்தான் காட்டியது.

வெள்ளிக்கிழமை பேச்சு இல்லை. கண் மட்டும் என்னோடு நகர்ந்தது. சாவி கொடுத்துவிட்டு வாரை மாட்டும்போது என் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டார். நான் விடுவித்துக்கொண்டு எழுந்தேன். கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தால், வாட்ச் கட்டிய அந்தக் கையைத் தரையிலிருந்து தூக்கி என் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தார். வெகு நேரம் நீட்டினார். நான் பூட்டிக்கொண்டு போனேன்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மூன்று நாள் உயிரோடு கிடந்தார், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்றும் எழுதுங்கள். ஆனால் கீழே திருட்டு முயற்சி என்று ஒரு வரி இருக்கிறதே, அதை முதலில் அடியுங்கள். சாகப் போகிற மனிதர் என்னிடம் அப்படிக் கையை நீட்டினார் என்றால், வாட்சை எனக்கே கொடுத்துவிட்டார் என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?