நாமகள் முன் திறந்திருந்த கிண்ணம்

புரட்டாசிக் கடைசியில் மதுரை வானம் மழையை வைத்துக்கொண்டே தராமல் நிற்கும். யானைமலை முகிலைத் தலையில் தாங்கி, நோன்பிருப்பதுபோல் அசையாதிருக்கும். வைகை மணலை விரித்துக் காத்திருக்கும். நாமகளே, இப்பருவத்தில்தான் உன்னை எங்கள் ஆய்வகத்தில் எழுந்தருளச் செய்கிறோம். சுண்டலும் நன்றாக அமைகிறது.

சென்ற ஆண்டுப் பூசையில் நடந்ததை நீ அறிவாய். ஆயினும் முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் மாணவி சரண்யாதேவி எழுமலைக்காரி. அவள் வீட்டில் அதற்குமுன் எவரும் ஆய்வகப் படியேறியதில்லை. பிஸ்மத் செலினைடு என்னும் படிகத்தை வளர்த்துவந்தாள். அதன் மேற்பரப்பில் ஓடும் எலக்ட்ரான், செல்லும் திசைக்கேற்பவே சுழல்வது. வந்த வழியே திரும்பச் சுழற்சியையும் மாற்றவேண்டும்; சாதாரண அழுக்கில் மோதினால் விலகிச் செல்லுமேயன்றிப் புறங்காட்டாது. இரும்பு போன்ற காந்த அணுவே அதைத் திருப்ப வல்லது.

தூய படிகத்திலும் திரும்புகிறது என்று நான் கட்டுரை எழுதித் துறைத்தலைவர் ஆனவன். அவள் சோதனை வென்றால் அவளுக்குப் பட்டமும் ஜெர்மனியில் இடமும் உறுதி. என் கட்டுரை பொய்.

பூசையில் வைத்ததை மறுநாள்வரை தொடலாகாது என்பது மரபு. உருக்கவேண்டிய பொடியைக் கிண்ணத்தோடு உன் பாதத்தில் வைத்தாள்.

"சார், மூடி வச்சிரவா?"

"தாய் முன்னாடி எதுக்கும்மா மூடணும்? தெறந்தே இருக்கட்டும்."

"அக்கா, சுண்டல்ல கலந்திராம," என்றான் உடன் ஆய்வு செய்யும் முத்துக்குமரன்.

"நீ அள்ளித் திங்காம இருந்தாச் சரிதான்டா."

அவர்கள் சென்றபின், குங்குமச் சிமிழில் கொண்டுவந்த இரும்புத்தூளைச் சிறிது இட்டேன்.

அப்பொடியை உருக்கி அவள் வளர்த்த படிகத்தில் எலக்ட்ரான்கள் திரும்பின. ஐயுற்று அவளே சோதித்து, இரும்பு கலந்திருப்பதை அவளே வந்து சொன்னாள். "உன் கை சுத்தமில்லை," என்றேன், துறையே கேட்க. ஜெர்மனிக்கும் அவ்வாறே தெரிவித்தேன்.

"எம்புட்டுக் கழுவுனேன் சார்," என்று உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு எழுமலைக்கே திரும்பினாள்.

உங்கள் கட்டுரைக்கான பழைய படிகத்திலும் இரும்பு உண்டா என்று சோதிக்கலாமே என்றான் முத்துக்குமரன். அது பூசைக்குரிய பொருளாகிவிட்டது, தொடலாகாது என்றேன்.

நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய், தடுக்கவில்லை. அதைச் சம்மதம் எனக் கொள்வதே பக்தி.

இதோ, இவ்வாண்டு சேர்ந்த பேரையூர்ப் பெண் வீரசுந்தரி, அதே படிகத்துக்கான பொடியை மூடாமல் வைத்திருக்கிறாள். கற்பூரம் காட்டி, உன் பாதத்தில் இட்ட மலர் ஒன்றைக் கிண்ணத்தருகே வைக்கிறேன். அவள் குனிகிறாள், நெற்றியில் நீறு இடுகிறேன்.

"கை சுத்தமா இருக்கணும்மா. நல்லா வருவ."